சிம்லா போன கதை, சுமைகூலி உட்பட

டெல்லிப் பக்கம் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் ஒரே அர்த்தம்தான். ஊருக்குப் போவது. முன்பதிவு திறக்கும் நாளில் காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எட்டு இரண்டுக்கு வெயிட்டிங் லிஸ்ட் நம்பரைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எப்படியோ ஒரு ரயிலில் தொற்றிக்கொண்டு, நாக்பூர் வெயிலும் விஜயவாடா வெயிலும் தாண்டி ஊர் போய்ச் சேர்வது. பதினாறு வருடமாக எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம்.

போன மே மாதம் அது நடக்கவில்லை. அப்பா காலமாகி, பெரியகுளத்து வீட்டைப் பூட்டிவிட்டு, அம்மாவை நொய்டாவுக்கு அழைத்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பூட்டிய வீட்டைப் பார்க்க ரயிலேறுவதா என்று தங்கமணி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. "எல்லாரும் சிம்லா போறாங்க, நாம மட்டும்தான் போகல" என்று சின்னவன் ஒரு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். சரி, காரை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அம்மாவுக்கு இதில் பெரிய உற்சாகம் இல்லை. "கொடைக்கானல் மலைக்கு அடியில பொறந்தவ நான். எனக்கு மலை புதுசாக்கும்?" என்றாள். "கொடைக்கானலுக்கு எத்தனை தடவை போயிருக்கே அப்பத்தா?" என்று பெரியவள் கேட்க, "ஒரே தடவை. ஒங்கப்பன் பொறந்ததுக்கு அப்பறம்" என்றாள். பெரியகுளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலைக்கு எழுபது வயதுக்குள் ஒரே தடவை! அப்போது எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. படித்திருக்க வேண்டும்.

வழக்கமான ஏற்பாடுகள்தான். ரைஸ் குக்கர், ஐந்து கிலோ பொன்னி, புளிக்காய்ச்சல், இட்லி மிளகாய்ப்பொடி, எலுமிச்சை ஊறுகாய். வட இந்திய மலைக்குப் போகும் தமிழன் இமயமலையைப் பார்க்கப் போகிறானா, அங்கே சமைத்துச் சாப்பிடப் போகிறானா என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. எங்களுடையது மொத்தம் ஐந்து உருப்படி. இந்த ஐந்து உருப்படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அம்பாலா தாண்டி, பிஞ்சோர் வழியாகப் பர்வாணு வந்ததும் மலை ஏறத் தொடங்குகிறது. பக்கத்தில்தான் கால்கா. கால்காவிலிருந்து சிம்லா வரை 96 கிலோமீட்டர் குறுகிய ரயில்பாதை. 1903 நவம்பரில் திறந்தார்கள். இன்று பயன்பாட்டில் உள்ள குகைகள் 102, பாலங்கள் எண்ணூறுக்கு மேல். யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இந்தியாவின் மலை ரயில்கள் மூன்று இருக்கின்றன. 1999-ல் டார்ஜிலிங், 2005-ல் நம் நீலகிரி, 2008-ல் இது. "நம்மது இதுக்கு முன்னாடியே" என்று பிள்ளைகளிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இந்தப் பாதை போடப்பட்டபோது, எந்த மலைச்சரிவில் போனால் பாறை நிற்கும், எங்கே குகை தோண்டலாம் என்று இன்ஜினீயர்களுக்கு வழி காட்டியவர் பல்கு என்ற ஊர்க்காரர். பள்ளிக்கூடம் போகாதவர். கையில் ஒரு கம்பை வைத்து மலையைத் தட்டிப் பார்த்தே சொல்வாராம். சிம்லாவில் உள்ள ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் 'பாபா பல்கு' என்று அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதையில் மண் சுமந்த ஆயிரக்கணக்கானவர்களில் நமக்குத் தெரிகிற பெயர் அநேகமாக இது ஒன்றுதான்.

ரயிலுக்குப் பக்கத்திலேயே ரோடு. நான் ரோடு போடும் தொழிலில் எஸ்டிமேட் பார்க்கிறவன் என்பதால், குடும்பம் மலையைப் பார்த்தால் நான் மலையை வெட்டிய விதத்தைப் பார்த்துக்கொண்டு வருவேன். நாலு வழிச் சாலைக்காகச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் மழையில் பர்வாணு பக்கத்தில் சக்கி மோட் என்ற இடத்தில் ரோடே சரிந்து பள்ளத்தில் விழுந்தது. அதே மாதம் சிம்லாவின் சம்மர் ஹில்லில் மண் சரிந்து ஒரு சிவன் கோயிலை அடித்துக்கொண்டு போனதில் இருபது பேர் இறந்தார்கள். ரயில் தண்டவாளம் ஏணி போல அந்தரத்தில் தொங்கிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மலையில் ரோடு என்பது இயற்கையாகக் கிடைப்பது இல்லை. யாரோ ஒருவர் ஒவ்வொரு வருடமும் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருப்பதுதான் மலை ரோடு.

இந்த ஊர்கள் எப்படி வந்தன என்று கொஞ்சம் பார்ப்போம். 1814 முதல் 1816 வரை கம்பெனிக்காரர்களுக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையின் முடிவில் இந்த மலைகள் கம்பெனியின் பிடிக்குள் வந்தன. சிறு ராஜாக்களுக்கு அவரவர் சீமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முக்கியமான இடங்களைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். 1822-ல் கென்னடி என்ற அதிகாரி சிம்லாவில் முதல் நிரந்தர வீட்டைக் கட்டினார். கிட்டத்தட்ட அதே நேரத்தில், இரண்டாயிரம் கிலோமீட்டருக்குத் தெற்கே, கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் தன் கல் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். கொடைக்கானல் கொஞ்சம் பின்னால். அங்கே 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். கீழே வெயில், காலரா, காய்ச்சல். மேலே குளிர், அவர்கள் ஊரை நினைவூட்டும் மூடுபனி.

1864-ல் வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் காலத்தில் சிம்லா அதிகாரபூர்வமாகக் கோடைத் தலைநகர் ஆனது. ஒவ்வொரு வருடமும் கல்கத்தாவிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும். ஃபைல் பெட்டிகள், குமாஸ்தாக்கள், பியூன்கள், சமையல்காரர்கள், மேம்சாகிப்களின் பியானோக்கள் உட்பட. 1911-ல் தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்த பிறகும் இந்தக் கோடைப் பயணம் நிற்கவில்லை. அரசாங்கம் நகர்ந்தால் குமாஸ்தாவும் நகர வேண்டுமே. அப்படி நகர்ந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. டெல்லியில் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் சங்கம் 1923-ல் தொடங்கியபோது அதன் பெயரில் 'மதராஸி' என்றுதான் இருந்தது. நாம் இங்கே முதலில் வந்தவர்கள் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஆனால் இவ்வளவும் எப்படி மேலே போயின? கால்காவுக்கு ரயில் வந்ததே 1891-ல்தான். மலை மேல் ரயில் போனது 1903-ல். அதற்கு முன் மாட்டு வண்டி, குதிரை வண்டி. அதற்கும் முன், ரோடு இல்லாத காலத்தில், மனிதர்களின் தோள். துரைமார்களும் சீமாட்டிகளும் போனது 'ஜம்பான்' என்ற திரை போட்ட நாற்காலியில். நான்கு பேர் தூக்குவார்கள், மாற்றுவதற்கு இன்னும் நான்கு பேர் கூட ஓடுவார்கள்.

இதையெல்லாம் காரில் நான் பிரசங்கம் செய்துகொண்டு வந்ததைத் தங்கமணி பொறுத்துக்கொண்டாள். பின்சீட்டில் இரண்டும் தூங்கிவிட்டன. அம்மா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜம்பானைப் பற்றிச் சொன்னபோது "ம்" என்றாள். அவ்வளவுதான்.

சிம்லா வந்து சேரும்போது மாலை. அங்கே ஒரு சங்கதி, போகிறவர்கள் கவனிக்கவும். மால் ரோட்டுக்குக் காரைக் கொண்டுபோக முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் மால் ரோட்டில் மூன்று பேருக்குத்தான் வண்டியில் போக அனுமதி. வைஸ்ராய், படைத் தலைவர், பஞ்சாப் கவர்னர். மற்றவர்கள் நடக்கலாம், அல்லது நான்கு ஆட்கள் இழுத்துத் தள்ளும் ரிக்‌ஷாவில் போகலாம். இன்றைக்கும் மால் ரோடு வண்டி இல்லாத ரோடுதான். நடக்க அருமையாக இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் நாங்கள் பதிவு செய்த ஓட்டல் மேலே. காரை நிறுத்தியது கீழே கார்ட் ரோட்டில். நடுவே படிகளும் ஏற்றமும். அந்த ஐந்து உருப்படியை என்ன செய்வது?

அதற்குத்தான் சுமைதூக்கிகள். காஷ்மீரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இதில் நிறைய. ஊரில் அவர்களைக் 'கான்' என்கிறார்கள். எங்களிடம் வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைத் தாடி, முதுகில் ஒரு கோணித் துண்டு, கையில் கயிறு. ஐநூறு ரூபாய் கேட்டார். நான் முந்நூறு என்றேன். நானூற்றைம்பது, முந்நூற்றைம்பது... கடைசியில் முந்நூற்றைம்பதில் முடித்தேன். வெற்றி! பதினாறு வருட டெல்லி வாழ்க்கையில் பேரம் பேசுவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

அவர் ஐந்தையும் கயிற்றில் சேர்த்துக் கட்டினார். குந்தி உட்கார்ந்து முதுகில் ஏற்றினார். ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். அறுபது கிலோவுக்குக் குறையாது (எஸ்டிமேட் போடுகிறவன் கண், தப்பாது). எங்களுக்கு முன்னால் படியேறிப் போனார். கையில் தண்ணீர் பாட்டில் மட்டும் வைத்திருந்த நான் மூன்று இடத்தில் நின்றேன். அவர் நிற்கவில்லை.

ஓட்டல் வாசலில் முந்நூற்றைம்பதை எண்ணிக் கொடுத்தேன். அவர் நகர்ந்ததும் அம்மா பின்னாலேயே போய், முந்தானை முடிச்சை அவிழ்த்து இருநூறு ரூபாய் நோட்டு ஒன்றை அவர் கையில் வைத்தாள். அம்மாவுக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. தன் தோளைத் தொட்டுக் காட்டி ஏதோ தமிழில் கேட்டாள். அவரும் தன் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

"அம்மா, பேசின கூலியக் கொடுத்தாச்சு. நீ எதுக்கு?" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போது எழுதும்போதும் எனக்கு என்னவோ செய்கிறது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வைஸ்ராய் மாளிகை. 1888-ல் டஃபரின் பிரபு காலத்தில் கட்டி முடித்தது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவர் வேலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இங்கே முடித்த பிறகு சென்னைக்கு வந்தவர். சென்னை உயர்நீதிமன்றத்தைக் கட்டி முடித்ததில் அவர் பங்கு பெரிது. மைசூர் அரண்மனையும் அவர் கைவண்ணம்தான். 1945 ஜூனில் வேவல் பிரபு கூட்டிய சிம்லா மாநாடு இந்த மாளிகையில் நடந்தது. நம் ராஜாஜியும் வந்திருந்தார். ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, இந்தக் கட்டிடத்தை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவாகி, 1965 முதல் உயர் ஆய்வு நிறுவனம் இங்கே இயங்குகிறது.

வழிகாட்டி மர வேலைப்பாடு, மின்விளக்கு, எல்லாம் சொன்னார். பெரியவள் ஒரு கேள்வி கேட்டாள். "இந்தக் கல்லு, மரம் எல்லாம் ரயில் வர்றதுக்கு முன்னாடியே மேல வந்திருக்கே. யார் தூக்கிட்டு வந்தாங்க?" வழிகாட்டி சிரித்துவிட்டு, அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். அவர் மேல் குற்றமில்லை. அவருக்குக் கொடுத்த பாடத்தில் அது இல்லை.

அதற்குப் பதில் ஒரு வார்த்தையில் இருக்கிறது. பேகார். கூலி இல்லாத, அல்லது பேருக்குக் கூலி கொடுத்த கட்டாய வேலை. சிம்லாவைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன மலை ராஜ்யங்களில் ஒவ்வொரு வீடும் முறை வைத்து ஆள் அனுப்ப வேண்டும். முதலில் ராஜாவுக்கு, பிறகு வெள்ளைக்கார அதிகாரிக்கு, பிறகு வேட்டையாட வரும் துரைக்கு. கூடாரம், பெட்டி, தபால், எல்லாவற்றையும் அடுத்த ஊர் எல்லை வரை சுமந்து போய்ச் சேர்க்க வேண்டும். துரைமார்கள் பயணம் வருவது கோடையிலும் இலையுதிர் காலத்திலும். மலையில் விதைப்பும் அறுப்பும் நடப்பதும் அப்போதுதான். நம் வயலில் கதிர் முற்றி நிற்க, நாம் எவனோ ஒருவனின் பெட்டியைச் சுமந்துகொண்டு போவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

"அப்பா, பேகார்னா ஹிந்தியில வேலையில்லாதவன்தானே?" என்றாள் பெரியவள். அது வேறு, இது வேறு. ஹிந்தியில் எழுத்து மாறும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், என்ன செய்ய. ஆனால் தமிழில் இதற்குச் சரியான சொல் ஒன்று உண்டு. வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளின் வரிசையில் அடிக்கடி வரும் பெயர் அது. ஊருக்காகவும் அரசுக்காகவும் ஆட்கள் உடம்பால் கொடுக்க வேண்டிய கூலியில்லாத வேலை. 'வெட்டி வேலை' 'வெட்டியா இருக்கான்' என்றெல்லாம் நாம் இன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொல்கிற சொல்லுக்குள் எத்தனை பேர் முதுகு இருக்கிறது!

மூன்றாம் நாள் சிம்லாவிலிருந்து தியோக் வழியாக நார்கண்டா கிளம்பினோம். அறுபது கிலோமீட்டர் சொச்சம். தேவதாரு மரங்கள், இடைவெளியில் பனிமலை. இந்த ரோடு பழைய ஹிந்துஸ்தான்-திபெத் சாலையின் வழித்தடம். 1850-ல் டல்ஹௌசி பிரபு காலத்தில் தொடங்கியது. அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நல்ல ரோடு இருந்தால் வண்டியும் கோவேறு கழுதையும் போகும், மலைவாசிகள் பேகாரிலிருந்து விடுபடுவார்கள் என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் ரோட்டை யார் போட்டார்கள்? மலை ராஜ்யங்கள் அனுப்பிய ஆட்கள், அதே பேகாரில்! பேகாரை ஒழிக்கப் பேகார். ரோடு வந்த பிறகு பயணிகள் கூடினார்கள், சுமையும் கூடியது.

வழியில் ஓரிடத்தில் ரோடு வேலை. கார் நின்றது. ஜார்க்கண்டிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த ஆண்களும் பெண்களும் ஜல்லி சுமந்துகொண்டிருந்தார்கள். தகரக் கொட்டகையின் நிழலில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் ஆபீஸ் எஸ்டிமேட்டில் சிமென்ட், ஜல்லி, டீசலுக்குக் கீழே 'லேபர்' என்று ஒரு வரி வரும். ஒரு வரி, ஒரு தொகை. எத்தனையோ ராத்திரி அந்தத் தொகையைக் குறைக்க வழி தேடியிருக்கிறேன்.

நார்கண்டாவைத் தாண்டி இறங்கினால் கோட்கர், தானேதார். ஆப்பிள் தேசம். இங்கே வாழ்ந்தவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் 1882-ல் வசதியான வீட்டில் பிறந்தவர். 1904-ல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய சபாத்துவுக்கு வந்தார். 1912-ல் உள்ளூர்ப் பெண்ணை மணந்து, தானேதாரில் நிலம் வாங்கித் தங்கிவிட்டார். 1916-ல் அமெரிக்காவிலிருந்து சிவப்பு டெலிஷியஸ் ஆப்பிள் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். இமாச்சல் ஆப்பிள் என்று இன்று நாம் சாப்பிடுவதன் ஆரம்பம் அதுதான். 1932-ல் இந்துவாகி சத்யானந்த் ஆனார்.

அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது ஆப்பிள் கதை. எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. கோட்கர் விவசாயிகளைக் கூட்டி, இனிப் பேகார் சுமக்க மாட்டோம் என்று நிற்க வைத்தவர் அவர். வெள்ளைத் தோல்காரர் ஒருவர் குடியானவர்களோடு சேர்ந்து துரைகளின் பெட்டியைத் தூக்க மறுத்தது அன்றைய சிம்லாவுக்கு எப்படி இருந்திருக்கும்! சுமக்க ஆளில்லாமல் அரசாங்கம் இறங்கி வந்தது. 1921-ல் கோட்கர் பகுதியில் பேகார் ஒழிந்தது. அந்த வருடம் டிசம்பரில் காங்கிரஸ் வேலைக்காக ஸ்டோக்ஸைப் பிடித்து ஆறு மாதம் சிறையில் போட்டார்கள்.

அதே 1921 ஜனவரி, மகர சங்கராந்தி அன்று, கிழக்கே குமாவுன் மலையில் பாகேஷ்வர் திருவிழாவில் இன்னொன்று நடந்தது. பத்ரி தத் பாண்டே முதலியவர்கள் தலைமையில் கூடிய ஜனங்கள், இன்னார் இத்தனை சுமை தூக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்த ஊர்ப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தார்கள். நாம் பொங்கல் வைக்கிற அந்த நாளில். 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய வேலையைத் தடை செய்கிறது. அதன் ஆங்கில மூலத்தில் 'பேகார்' என்ற சொல் அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னதும் பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க சிவிக்ஸ் புக்ல இருக்குப்பா. மனப்பாடம் பண்ணேன். இதுதானா அது?"

தானேதாரில் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீட்டில் தங்கினோம். செர்ரி அறுப்புக் காலம். சாயங்காலம் தங்கமணி குக்கரில் சாதம் வைத்துக்கொண்டிருந்தாள். நேபாளத்துப் பையன் ஒருவன் நெற்றியில் பட்டை கட்டி, முதுகில் செர்ரிப் பெட்டிகளைச் சுமந்து மேட்டில் ஏறிப் போனான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவுக நெத்தியில கட்டித் தூக்குறாக. எங்க தாத்தாவுக்குத் தோள்லதான் காய்ப்பு" என்றாள்.

"எந்தத் தாத்தா?"

"எங்கய்யாவைப் பெத்தவரு. ஒனக்குப் பூட்டன். டோலி தூக்குனவருய்யா அவரு."

நாற்பத்தைந்து வயதில் முதல் தடவை கேட்கிறேன். மோட்டார் ரோடு வராத காலத்தில் கொடைக்கானல் போகிற துரைகள் ரயிலில் இறங்கி, ராத்திரி மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் வந்து, மலையடிவாரத்தில் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏறுவார்கள். அந்தப் பாதைக்கு 'கூலி காட்' என்றே பெயர். லா என்ற அதிகாரியின் பெயரால் வழங்கும் மலைச்சாலையில் 1916 வாக்கில் மோட்டார் ஓடத் தொடங்கும் வரை அதுதான் வழி. இதெல்லாம் நான் படித்திருக்கிறேன். அந்த டோலியின் ஒரு கம்பு எங்கள் வீட்டுத் தோளில் இருந்தது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"விடியக் கருக்கல்ல தூக்குனா மேல போய் எறக்க மத்தியானம் தாண்டிருமாம். மேஸ்திரி முன்பணம் குடுத்து வச்சிருப்பான். அதக் கழிக்கவே வருசக்கணக்கா ஆகுமாம். அவரு கொடைக்கானலே பாத்ததில்லம்பாரு. எறக்கி விட்டுட்டு ஒடனே கீழ எறங்கிறணும். குளுரு தாங்காது, தங்க எடமில்ல. எனக்கு எட்டு வயசு இருக்கையில அவரு தோளத் தொட்டுப் பாத்திருக்கேன். கல்லு மாதிரி இருக்கும்."

"இத்தன வருசமா ஏம்மா சொல்லல?"

"எதுக்குச் சொல்ல? சம்பந்தம் பேசுற எடத்துல டோலி தூக்குன வகையறாவாம்பாக. எங்கய்யா வாத்தியார் வேலைக்குப் போனப்பறம் வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. நான் கொடைக்கானல் போனப்ப ஒங்கப்பா போட்டுல கூட்டிட்டுப் போனாரு. எனக்கு அந்த ஏரிய ரசிக்க முடியல. போதும்னு வந்துட்டேன்."

பிறகு மெதுவாக, "அந்த பாய் எந்திரிக்கும்போது கைய ஊனி எந்திரிச்சாருல்ல, எங்க தாத்தா கடைசி வரைக்கும் அப்பிடித்தான் எந்திரிப்பாரு" என்றாள்.

கொடைக்கானல் டோலிக்குக் கூலி உண்டு. அது பேகார் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் வரலாறு தப்பாகும். ஆனால் முன்பணத்தில் கட்டுண்டவனுக்கு மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு இடம் இருந்திருக்கும்? பேரம் பேசி நூற்றைம்பது ரூபாய் மிச்சம் பிடித்த எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் குடும்பம் தோளிலிருந்து கம்பை இறக்கி வைத்து மூன்று தலைமுறைதான் ஆகிறது. அதற்குள் நான் பேரம் பேசுகிற பக்கத்துக்கு வந்துவிட்டேன். வந்தது மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் ஆட்கள் இருப்பதே கண்ணில் படாத அளவுக்கு வந்துவிட்டேன்.

மலை ஊர்களுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாம் போவதால்தான் அங்கே பலருக்குச் சோறு. பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மாளிகையைக் காட்டும்போது, கல்லை யார் தூக்கி வந்தார்கள் என்று அவர்கள் கேட்டால், அடுத்த அறைக்கு நகர்ந்துவிடாதீர்கள். அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

திரும்பும் வழியில் சிம்லாவில் ஒரு ராத்திரி. கார்ட் ரோட்டில் அந்தப் பெரியவரைத் தேடினேன். கிடைக்கவில்லை. விசாரிக்கலாம் என்றால் பெயர் தெரியாது, கேட்டுக்கொண்டால்தானே. வேறொருவர் வந்து நானூறு கேட்டார். சரி என்றேன். தங்கமணி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். கனமான அரிசிப் பையையும் குக்கரையும் நானும் பெரியவளும் எடுத்துக்கொண்டோம். பாதி ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அம்மா, "பேரக் கேளுய்யா" என்றாள். கேட்டேன். சொன்னார். எங்கள் பெயர்களையும் கேட்டார்.

அடுத்த கோடைக்கு ஊருக்கே போவதாக முடிவு. பெரியகுளம் வீட்டைத் திறந்து, வெள்ளையடித்து, ஒரு பத்து நாள். தோப்பிலிருந்து அந்தப் பழைய பாதையில் நடக்க முடிகிற தூரம் நடந்து பார்க்க வேண்டும் என்கிறாள் பெரியவள். அதே மலைச்சரிவில் வெள்ளகவி என்ற ஊரிலிருந்து, ரோடு இல்லாததால் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த செய்தியை இந்த நூற்றாண்டிலும் பேப்பரில் படித்திருக்கிறோம். அதனால் அது வெறும் பழங்கதையும் இல்லை.

அம்மாவிடம், "நீயும் வர்றியா, மேல ஏரி வரைக்கும்?" என்று கேட்டேன். "நடந்து வர முடியாது, முட்டி வலிக்கும். காருல வாரேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டுலயும் போலாம்" என்றாள்.

முன்பதிவு திறக்கும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். காலை எட்டு மணி.